பக்கத்துக் கடை வாடிக்கையாளர்

கியோட்டோவில் வீடியோ கேம் பெட்டி தயாரிக்கும் அந்த நிறுவனத்தில், இயக்குநர் மொரிவாகி வாய் திறந்தால் ஆறு மாடியும் நடுங்கும். அன்று வாடிக்கையாளர் உதவிப் பிரிவு முழுவதையும் வரிசையாக நிற்க வைத்திருந்தார்.

"பெட்டியை நஷ்டத்துக்கு விக்கிறோம். கேம் வித்துத்தான் அதை ஈடுகட்டுறோம். இப்ப அடுத்த கம்பெனியோட ஆன்லைன் கேம் கடையையும் நம்ம பெட்டிக்குள்ளேயே திறந்து விட்டாச்சு. அங்க போய் வாங்குறவங்களுக்கு இங்க உதவி பண்றது யாரு?"

செரிசாவா தலைகுனிந்தபடி முன்னால் வந்தாள். வேலை போய்விட்டது என்றே நினைத்தாள்.

"நான்தான் சார். ஒருத்தர் தினமும் போன் பண்ணுவார். மீன்பிடிக்கிற கேமை அந்தக் கடையில மலிவா வாங்கியிருக்கார். ஒரு கெண்டைகூட மாட்டலையாம்."

"நம்ம கடையில வாங்கலைன்னதும் போனை வெச்சிருக்கணும்!" என்றார் பிரிவுத் தலைவர் ஓகினோ.

"மனசு வரலை சார். யாருக்கோ பயந்த மாதிரி கிசுகிசுன்னு பேசுவார். தூண்டிலை மெதுவா இழுங்கன்னு சொல்லிக் கொடுத்தேன்."

"இன்னைக்கே இவங்களை அனுப்பிடலாம் சார்," என்றார் ஓகினோ.

மொரிவாகி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

செரிசாவாவின் கண் கலங்கியது. "என்னை அனுப்பினாலும் பரவாயில்லை. அவர் கூப்பிட்டா யாராவது பேசுங்க. பாவம், தள்ளாத கிழவர்."

"யாரு கிழவர்? எனக்கு ஐம்பத்து மூணுதான் ஆகுது!" என்று கத்திவிட்டார் மொரிவாகி.

செரிசாவா இடுப்பு வரை குனிந்து வணங்கினாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"கெண்டை மாட்டுச்சா சார்?"

மொரிவாகி தரையைப் பார்த்தபடி, அவளுக்குப் பழகிய அதே கிசுகிசுக் குரலில் சொன்னார்.

"ரெண்டு."