பார்த்த சாட்சி

"கையெழுத்து போடறியா, எழுந்து போறியா?"

சப்-இன்ஸ்பெக்டர் கிரண்குமார் பேனாவை மேஜைமேல் விட்டெறிந்தார். பக்கிரிசாமி அதைக் கையில் எடுத்துக்கொண்டார். மகன் நிதின் திங்கட்கிழமை ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர வேண்டும். அவன்மேல் கேஸ் எதுவும் இல்லை என்ற போலீஸ் சர்டிபிகேட் இல்லாவிட்டால் கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். அதை வாங்கத்தான் குடிபாலா கிராமத்திலிருந்து ஸ்டேஷனுக்கு வந்திருந்தார்.

"போட்டுடறேன் சார். நான் இன்னா புதுசா?"

புதுசில்லைதான். திருட்டுப் பொருளைப் பிடித்ததற்கு சாட்சி வேண்டுமென்றால் ஸ்டேஷனில் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். கண்ணால் காணாத சாராயப் பாக்கெட்டுக்கும் திருட்டு மோட்டாருக்கும் "என் முன்னால்தான் பிடித்தார்கள்" என்று கையெழுத்துப் போட்டவர். தெலுங்கில் எழுதியிருப்பதில் ஓரெழுத்தும் அவருக்குப் படிக்கத் தெரியாது. எவன் எக்கேடு கெட்டால் நமக்கென்ன என்று ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

பக்கத்து மேஜையில் அந்தச் சாட்சிக் காகிதத்தை எழுதிக்கொண்டிருந்த ஏட்டம்மா மஞ்சு தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"உம் பையன் வண்டி நெம்பர் இன்னா?"

சர்டிபிகேட்டுக்கு இதெல்லாம்கூட வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டு, பக்கிரிசாமி ஒரு எண் பிசகாமல் சொன்னார். நிதின் வேலைக்கான மெடிக்கல் டெஸ்டுக்காகக் காலையிலேயே அந்த வண்டியில்தான் திருப்பதி போயிருந்தான்.

"இது இன்னா கேசு சார்?"

"காணிப்பாக்கம் கோயிலுக்கு வந்த பொம்பள கழுத்துல செயின் அறுத்துக்கினு ஓடின கேசு. செயினை நாங்க எடுத்தப்போ நீ பக்கத்துல நின்னு பாத்தே. நாளைக்கு கோர்ட்டுல மாத்திப் பேசினேன்னு வெச்சுக்கோ, தோலை உரிச்சுடுவேன்."

"நான் என்னிக்கு சார் மாத்திப் பேசிக்கிறேன்? திருட்டு நாய்ங்க. வெளியவே வுடாதீங்க."

நாலு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். கடைசிப் பக்கத்தில் பெயருக்குக் கீழே அழுத்தி ஒரு கோடும் இழுத்தார்.

கிரண்குமார் காகிதங்களை வாங்கி, பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். பக்கிரிசாமி மேஜையருகிலேயே நின்றார்.

"சார், நிதின் சர்டிபிகேட்டு?"

"அது இனிமே எதுக்கு? அவன் வண்டியிலேர்ந்து நாங்க செயினை எடுத்ததைப் பாத்தேன்னு பெத்தவன் நீயே கையெழுத்து போட்டுட்டியே."