நாற்பத்தொன்றுக்கு ஒரு வீடு

“இந்த வீட்டுக்கும் நம்ம பொண்ணைக் கொடுக்க முடியாது மேடம்.” விண்ணப்பத்தை மேசைமேல் தூக்கிப் போட்டார் சீனியர்.

“ஏனாம்?” என்றார் கால்நடை மருத்துவர்.

“மூணாவது மாடி. இவ பொறந்ததிலேர்ந்து படிக்கட்டையே பார்த்ததில்ல.”

பொண்ணு அவர் காலடியில் படுத்துக் கொட்டாவி விட்டது. ஏழு வயது பீகிள் நாய். காதுக்குள் 41 என்று பச்சை குத்தியிருந்தது. மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் வளர்பவர்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான்.

சீனியரின் பெயரும் எல்லோருக்கும் மறந்துபோய் ரொம்ப நாளாயிற்று. இருபத்தாறு வருடம் கூண்டு கழுவி, தீனி அளந்து, எடை குறித்ததற்காக நிர்வாகம் மனமிரங்கி, ‘விலங்கு பராமரிப்பாளர்’ என்பதற்கு முன்னால் ‘முதுநிலை’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துக் கௌரவித்தது. அன்றிலிருந்து அவர் சீனியர். கூண்டு அதேதான், ஃபினாயிலும் அதேதான்.

இதய மருந்துச் சோதனை முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வீடு கிடைத்தால் நாற்பத்தொன்றுக்கு ஓய்வு. கிடைக்காவிட்டால் வேறு கூடம், வேறு மருந்து, மறுபடி ஊசி. இன்று வியாழன்.

“எட்டு வீட்டைத் தட்டிக்கழிச்சாச்சு,” என்றார் மருத்துவர். “ஒண்ணுல சோபா வெள்ளைன்னீங்க. இன்னொண்ணுல எழுத்துப்பிழை ஜாஸ்தின்னீங்க. எழுத்துப்பிழைக்கும் நாய்க்கும் என்ன சம்பந்தம்?”

“நாலு கேள்விக்குப் பொறுமையா பதில் எழுதாதவங்க, நாலு வேளை மாத்திரை கொடுப்பாங்களா?”

“இவ்வளவு பாசம் இருக்கே, நீங்களே கூட்டிட்டுப் போங்களேன்.”

“எங்க வீட்டம்மாவுக்கு நாய்னாலே ஆகாது மேடம்.”

“கேட்டுப் பார்த்தீங்களா?”

“இருபத்துநாலு வருஷக் குடித்தனம். இதெல்லாம் கேட்டுத்தான் தெரியணுமா?”

மருத்துவர் கடைசி விண்ணப்பத்தை நீட்டினார். எந்த எலிக்கு எந்த மருந்து என்பது பராமரிப்பவருக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் பாரபட்சம் வந்துவிடும் என்பது அங்கே சட்டம். அந்தப் பழக்கத்தில் விண்ணப்பங்களையும் தட்டச்சு செய்து, பெயரையும் விலாசத்தையும் மறைத்து, எண் போட்டுத்தான் சீனியர் கையில் கொடுப்பார்கள்.

சீனியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

“வீட்டில் ஏற்கெனவே பிராணி உண்டா? ஒன்று உண்டு. ஆண். வயதாகிவிட்டது. பழக்கவழக்கம்? காலையில் வெளியே போனால் இருட்டும்போதுதான் வரும். மேலெல்லாம் வேறு நாய் வாசனை. வந்ததும் தட்டைத்தான் பார்க்கும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திப் பல வருடமாகிறது.”

சீனியருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “வாயில்லா ஜீவனை இப்படியா அவுத்துவிட்டு வளர்க்கிறது? அது திரும்பிப் பார்க்கலைன்னா காது கேக்குதான்னு டாக்டர்கிட்ட காட்ட வேண்டாமா?”

“காது நல்லாத்தான் கேக்கும்னு நினைக்கிறேன்,” என்றார் மருத்துவர். “அப்போ இதையும் தள்ளிடலாமா?”

“இருங்க, இன்னும் ஒரு கேள்வி இருக்கு.” தாளைத் திருப்பினார். “அதை யாருக்காவது கொடுத்துவிடும் எண்ணம் உண்டா? பல தடவை தோன்றியதுண்டு. ஆனால் அது இல்லாமல் வீடு வீடாக இருக்காது.”

சீனியர் அந்த வரியை மறுபடி மனதுக்குள் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இவங்க பொறுமைசாலிங்க மேடம். அப்படிப்பட்ட ஒண்ணையே இத்தனை வருஷம் வச்சுச் சமாளிச்சிருக்காங்களே, நம்ம பொண்ணைத் தங்கமா பார்த்துப்பாங்க.” சம்மதம் என்ற கட்டத்தில் அழுத்தமாக டிக் அடித்தார்.

அடித்த பிறகுதான் உறைத்தது. நாளைக் காலை கூண்டைத் திறக்கும்போது வாலாட்ட யார் இருக்கிறார்கள்? கதவுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து நாயைக் கட்டிக்கொண்டார். அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டால் அழுவது தெரியாது என்பது அவர் நினைப்பு.

மருத்துவர் போய்க் கதவைத் திறந்து, வெளியே காத்திருந்த விண்ணப்பதாரரை அழைத்தார். “உள்ள வாங்கம்மா, நீங்க பாஸ். சீனியருக்கு ஒரே ஒரு கவலைதான். உங்க வீட்டுல ஏற்கெனவே இருக்கிறது இவளோட ஒத்துப்போகுமான்னு கேக்கறார்.”

முதுகுக்குப் பின்னாலிருந்து, இருபத்துநாலு வருடமாக அவர் காதில் வாங்காத குரல் பதில் சொன்னது.

“தரையில உக்காந்து அழுதுட்டிருக்காரே, அவரையே கேளுங்க டாக்டர்.”