புதிய வரவு அலமாரி

"நூலகர் சங்கப் பத்திரிகையில கட்டுரை வந்த கையோட ப்ரமோஷன். இனிமே நீங்க தலைமை நூலகர். ஸ்வீட் எங்கே மேடம்?" என்றார் உதவியாளர்.

நூலகர் சிரித்து வைத்தாள். கண் என்னவோ ஜன்னலோரக் காலி நாற்காலியிலேயே இருந்தது. வாசல் காவலாளியைக் கூப்பிட்டாள்.

"எதிர்க்கடைத் தையல்காரர் இன்னிக்கும் வரலையா?"

"போன வாரம் வந்ததோட சரி மேடம். அன்னிக்கு உங்க கட்டுரையைத்தான் படிச்சிட்டிருந்தார்."

"என் கட்டுரையையா?"

"ஆமா. வர்றவங்க கண்ணுல படட்டும்னு நீங்கதானே புதிய வரவு அலமாரியில முன்னாடி வெச்சீங்க. வரிக்கு வரி விரலை வெச்சு, பொறுமையா கடைசி வரைக்கும் படிச்சார். எடுத்த இடத்துலயே வெச்சிட்டு, 'இதை யார் வேணும்னாலும் படிக்கலாமா'ன்னு கேட்டார். தாராளமா படிக்கலாமேன்னேன். தலையாட்டிட்டுப் போயிட்டார்."

ஐம்பது வயதுவரை பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு படிப்பதுபோல் பாவனை செய்தவர் அவர். பெற்ற பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது. "வெளியே சொல்லிடாதீங்கம்மா" என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டுதான் அவளிடம் எழுத்துக் கூட்டப் பழகினார். அந்தக் கதையைத்தான் அவள் கட்டுரையாக்கியிருந்தாள். பெயர் போடவில்லை, 'நூலகத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் தையல்காரர்' என்று மட்டும் எழுதியிருந்தாள். எழுதும்போது, நூலகர்களைத் தவிர வேறு யார் அதைப் படிக்கப்போகிறார்கள் என்ற தைரியம். அச்சில் பார்த்த பெருமையில் அதை மறந்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

அதன் கடைசி வரி அவளுக்கு மனப்பாடம்: 'இனி அவருக்கு எதை வாசிக்கவும் யார் துணையும் வேண்டாம்.'