அவங்களைக் கேட்டீங்களா?

“என் லெட்டரை மறுபடியும் திருப்பி அனுப்பிட்டியாமே? நர்சுங்க எல்லாம் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறாங்க. கட்டின பொண்டாட்டியே இப்படி மானத்தை வாங்கினா நான் எங்கே போய் முட்டிக்கிறது?”

ஞாயிற்றுக்கிழமை காலை. சமையலறை மேஜையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் டாக்டர்கள். அவர் மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்பவர். எடுத்த இடத்தில் புதிதாக மார்பை உருவாக்கிக் கொடுப்பது அவள் வேலை. அவர் எழுதி அனுப்பினால்தான் நோயாளி அவளிடம் வர முடியும். அவர் எழுதுவதோ ஒரே வரி: ‘பார்த்து ஆவன செய்யவும்.’ கெட்டிக்காரர், கைராசிக்காரர், எல்லாம் சரிதான். பேனாவை எடுத்தால் மட்டும் அப்படி ஒரு கஞ்சத்தனம்!

“சிரிச்சா சிரிக்கட்டும். அந்த டீச்சரம்மா ஞாபகம் இருக்கா? கட்டியை எடுக்கும்போதே மார்பையும் சரிபண்ணிக்கலாம்னு அவங்ககிட்ட யாருமே சொல்லலை. எல்லாம் முடிஞ்சப்புறம் என் முன்னாடி உட்கார்ந்து, ‘முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா டாக்டர்’னு அழுதாங்க. உங்களுக்கு என்ன வேணும்னு அவங்களைக் கேட்டீங்களா நீங்க?”

அவர் குரல் இறங்கியது. “உயிரைக் காப்பாத்துற அவசரத்துல அதெல்லாம் எங்கே கேக்குறது? கூச்சமா வேற இருக்கு.”

“கத்தி பிடிக்கக் கூச்சமில்லை, வாயைத் திறக்கத்தான் கூச்சமாக்கும்! உட்காருங்க. நான்தான் பேஷன்ட். இன்னிக்கு ஒழுங்கா கேட்டு, ஒழுங்கா எழுதினாத்தான் விடுவேன்.”

“ஞாயித்துக்கிழமை அதுவுமாவா?”

“ஆமா. இதுக்கு மேல தள்ளிப்போட முடியாது.”

அவள் சொன்ன தோரணையில் மறுபேச்சுப் பேசாமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். காகிதத்தையும் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டார்.

“சொல்லுங்கம்மா, உடம்புக்கு என்ன?”

“அடேயப்பா! கல்யாணமானதுலேருந்து இன்னிக்குத்தான் எனக்கு மரியாதை கிடைச்சிருக்கு.”

“பேஷன்ட் டாக்டரைக் கிண்டல் பண்ணக் கூடாது.”

“சரிங்க டாக்டர். இடது பக்கம் ஒரு கட்டி. புற்றுநோய்தான்னு சொல்லிட்டாங்க. எடுத்துடணுமாம்.”

“சிகரெட் பழக்கம் உண்டா?”

“வீட்டுக்காரருக்கு இருந்தது. நான் போட்ட சத்தத்துல விட்டுட்டார்.”

அவர் சிரித்துவிட்டார். “சர்க்கரை?”

“லேசா எட்டிப் பார்க்குது.”

“ஏய், அது உனக்குத்தானே?”

“நடிக்கும்போது சொந்தச் சரக்கும் கொஞ்சம் சேரத்தான் செய்யும். மேல கேளுங்க.”

“வயித்துல முன்னாடி ஏதாவது ஆபரேஷன்...?”

“இல்லை. எதுக்குக் கேக்குறீங்க?”

“வயித்துச் சதையை எடுத்து மார்பு செய்ய முடியுமான்னு பார்க்கத்தான்.”

“அப்பாடா! இந்தத் தொப்பைக்கும் ஒரு வழி பிறந்துச்சு.”

குறித்துக்கொண்டார். அதற்குமேல் என்ன கேட்பதென்று தெரியாமல் பேனா மூடியைக் கடித்தார்.

“அவ்வளவுதானா? சதையைப் பத்திக் கேட்டாச்சு. ஆளைப் பத்திக் கேக்க வேண்டாமா?”

பாவம், எத்தனையோ ஆபரேஷன் செய்த மனிதர், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி திணறினார். கடைசியில் ஒருவழியாகக் கேட்டேவிட்டார்.

“உங்களுக்கு என்னம்மா வேணும்?”

பட்டாணி உரிப்பது நின்றது.

“எனக்கே இன்னும் முழுசாத் தெரியலை டாக்டர். மார்பே வேண்டாம், அப்படியே இருந்துடுறேன்னு சொன்னாலும் தப்பில்லைன்னு முதல்ல சொல்லுங்க. அதைக் கேட்டாலே பாதி பாரம் இறங்கிடும். அப்புறம்... காலையில துணி மாத்தும்போதெல்லாம் இந்த நோய் ஞாபகம் வரக் கூடாது. அதுதான் வேணும். அழகுக்காகக் கேக்குறான்னு மட்டும் எழுதிடாதீங்க.”

அவர் நிதானமாக எழுதினார். கேட்ட வார்த்தைகளை அப்படியே எழுதினார். மனைவியைப் பார்க்கப் பெருமையாக இருந்தது அவருக்கு.

“பயம் ஏதாவது இருக்காம்மா?”

“ஆபரேஷனை நினைச்சு இல்லை. வீட்டுக்காரரை நினைச்சாத்தான். ஊருக்கெல்லாம் தைரியம் சொல்லுவார். எனக்கு ஒரு காய்ச்சல்னா அவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அவர்கிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னே தெரியலை.”

“சொல்லிடுங்கம்மா.” இப்போது அவருக்குக் கூச்சம் விட்டுப்போயிருந்தது. “ஒளிச்சு வெச்சாத்தான் அவருக்கு வலிக்கும். உடைஞ்சுபோவார், அழுவார், அப்புறம் உங்க கையைப் பிடிச்சுக்கிட்டுக் கூடவே நிப்பார். அவருக்கும் உங்களை விட்டா யாரு இருக்கா?”

“நிஜமாவா டாக்டர்?”

“நிஜமா.”

அவள் கண் கலங்கிவிட்டது.

“அட, கண்ணீரெல்லாம் வருது! டாக்டருக்குப் படிச்சதுக்குப் பதிலா நீ நடிக்கப் போயிருக்கலாம் போ.” எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தார். காகிதம் நிறைந்திருந்தது. “இதையும் நீ திருப்பி அனுப்பினா நான் சாப்பிடவே மாட்டேன், ஆமா. பேஷன்ட் பேரு மட்டும்தான் பாக்கி. ஏதாவது ஒரு பேரு சொல்லு.”

அவள் மேஜைக்கு மேலாகக் கையை நீட்டி அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“என் பேரையே எழுதுங்க. புதன்கிழமையே எனக்கு டெஸ்ட் ரிசல்ட் வந்துடுச்சு. இந்த ஒரு லெட்டரை மட்டும் வேற டாக்டருக்கு அனுப்புங்க... என்னை நானே ஆபரேஷன் பண்ணிக்க முடியாதுல்ல.”