கோமாளி மீனின் இரண்டாம் கல்யாணம்

செத்த மீனைப் பையோடு அலங்கார மீன் கடை மேசையில் வைத்தாள் மிலாக்ரோஸ்.

"நோய் பிடிச்ச மீனை என் தலையில கட்டிட்டீங்களே, எவெலியோ அண்ணே! ஒரு ராத்திரிகூடத் தாங்கல."

எவெலியோ பையைத் தூக்கிப் பார்த்தார். துடுப்புகள் கிழிந்திருந்தன.

"நோய் இல்லம்மா, கடிச்சுக் கொன்னிருக்கு. தொட்டியில வேற யாரு?"

"என் கோமாளி மீன் மட்டும்தான். பொண்டாட்டியைப் பறிகொடுத்துட்டுத் தனியா வாடிக் கிடக்கான். அவனுக்கு ஜோடியாத்தானே இந்தப் பெண் மீனைக் கேட்டேன்? அவனைக் கொலைகாரன்னு சொல்றீங்களா?"

"அந்தப் பழைய பொண்டாட்டி செத்து எவ்வளவு நாளாச்சு?"

"ஒரு வருஷம். அப்பவே வாங்கியிருப்பேன். வருஷப் பூசை முடியாம வீட்டுக்கு இன்னொருத்தி வரக் கூடாதுன்னு எங்கம்மா பிடிவாதம். தொட்டி மேல கறுப்புத் துணி வேற கட்டிவெச்சாங்க."

எவெலியோ தலையில் கை வைத்தார்.

"கோமாளி மீன்ல பெண் செத்துட்டா, கொஞ்ச மாசத்துல ஆணே பெண்ணா மாறிடும். ஒரு தொட்டியில ரெண்டு பெண் இருந்தா வெட்டுக்குத்துதான்."

மிலாக்ரோஸ் முகம் சிவக்கப் போனை எடுத்தாள்.

"அம்மா! நீ துக்கம் காத்த லட்சணத்துல மாப்பிள்ளையே பொண்ணாயிட்டான்!"