விலாசம் உள்ள மொட்டைக் கடிதம்

போன பொங்கலுக்கு, இன்டர்நெட் இணைப்பு கொடுக்கும் கொம்பையா பாளையங்கோட்டையில் சித்ரலேகாவின் தெரு முழுவதையும் புது விலாச முறைக்கு மாற்றினான். ஐ.பி. வி6 என்று அதற்குப் பெயர். பழைய முறையில் விலாசங்கள் தீர்ந்துபோய், முந்நூறு வீட்டுக்கும் சேர்த்து ஒரே விலாசம், லாட்ஜ் மாதிரி. புது முறையில் வீட்டுக்கு வீடு தனி, வீட்டுக்குள் ஒவ்வொரு சாமானுக்கும் தனி.

தண்ணீர் மோட்டாரை துபாயில் இருந்துகொண்டே போடலாம் என்று சித்ரலேகாவுக்கு விளக்கினான். துபாயில் அவளுக்கு யாரும் இல்லை. தாமிரபரணி பாய்கிற ஊரில், அந்தத் தெருக் குழாயில் மூன்று நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர்.

பக்கத்து வீட்டுச் சிவசைலம் மட்டும் எகிறினார். "எம் மிக்ஸிக்கு எதுக்குவே வெலாசம்? அதுக்கு எவன் கடுதாசி போடப்போறான்?"

கடுதாசியைப் பற்றிப் பேச அவருக்குத் தகுதி உண்டு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கவுன்சிலர் முதல் கோயில் ஒலிபெருக்கி வரை அவர் மொட்டைக் கடிதம் எழுதாத விஷயம் கிடையாது. பெயர் போடமாட்டார், பிழை இல்லாததால் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

சித்ரலேகாவின் கணவர் நடராஜுக்கு உடன்குடிப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. ஒன்பது வருஷமாகத் தினம் நாலு மணி நேரம் பஸ். ஊருக்கு மாற்றல் கேட்டுப் பதினோரு மனு போட்டார். பதினோரு ஒப்புகைச் சீட்டு வந்தது. மனு போட்டவன் இருந்த இடத்திலேயே இருப்பான், மொட்டைக் கடிதம் விழுந்தவன் மறுவாரமே மாறிவிடுவான் என்று ஆபீசில் சொல்லிச் சிரிப்பார்களாம்.

ஆனி மாதம் அவர்மேலேயே ஒன்று விழுந்தது, ஈமெயிலில். ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் பத்தமடைப் பட்டுப் பாய் லஞ்சமாக வாங்கினாராம். அந்தப் பாய் சித்ரலேகா தன் கைக்காசில் வாங்கியது. ஆனால் மேலிடத்துக்கு அப்போதுதான் ஒரு நேர்மையான அதிகாரி வந்திருந்தார். விசாரிக்கும்வரை அவருக்குப் பொறுக்கவில்லை. சஸ்பென்ட் செய்துவிட்டார்.

பாய் கிடந்தது உள்ளறையில். அதைப் பார்த்த வெளியாள், பேப்பர் இரவல் வாங்க வரும் சிவசைலம் ஒருவர்தான். உத்தரவோடு வந்த கடிதத்தின் நகலை முதல் பத்திக்கு மேல் சித்ரலேகாவால் படிக்க முடியவில்லை. போலீசுக்குப் போகலாம் என்றாள்.

"விடுளா," என்றார் நடராஜ், சுவரைப் பார்த்தபடி. "எழுதினவன் என்ன நெனச்சு எழுதினானோ."

அப்படி ஒரு பெரிய மனசு. சஸ்பென்ட் ஆன நாற்பதாம் நாள் மதியம், அதே பாயில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்க வந்த சிவசைலத்தை அவள் வாசலோடு நிறுத்தினாள். "கொன்னது போதாதா அண்ணாச்சி, பாக்க வேற வந்தியளா?"

தெருவே கேட்டது. மனிதர் கொண்டுவந்த மாலையைத் தன் வீட்டுக் கேட்டில் தொங்கவிட்டு உள்ளே போய்விட்டார். அதன்பின் அவரோடு பேச ஆளில்லை. பால்காரர்கூட சைக்கிள் மணியோடு சரி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சித்ரலேகா சைபர் போலீசில் புகார் கொடுத்தாள். பழைய முறையாக இருந்தால் முந்நூறு வீட்டில் எந்த வீடு என்று மண்டையை உடைக்க வேண்டும் என்றாள் எஸ்.ஐ. டார்லின். "ஒங்க தெருவுல வி6 இருக்குக்கா. எந்த வீடு, எந்தக் கம்ப்யூட்டர்னே வந்துரும்."

கொம்பையா சொன்ன பயன்களில் இது இல்லை. ஆனாலும் மோட்டாரைவிட உருப்படியான பயன் என்று அவளுக்குப் பட்டது. அந்த மாதச் சந்தாவை முகம் சுளிக்காமல் கட்டினாள். சிவசைலத்தை ஜீப்பில் ஏற்றும் அன்றைக்கு எந்தச் சேலை கட்டுவது என்பதுவரை யோசித்து வைத்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து டார்லின் கூப்பிட்டாள். உட்காரச் சொன்னாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து முன்னால் வைத்தாள்.

"கதவு நம்பர் பதினாலு, அக்கா."

சித்ரலேகா பொறுமையாகத் திருத்தினாள். "அது எங்க வீடு. அவரு பதினாறு."

"பதினாலுதான். லேப்டாப்பு. ஆனி மொத ஞாயித்துக்கெழம மத்தியானம் போயிருக்கு. அன்னைக்கு நீங்க எங்க இருந்திய?"

ஆழ்வார்குறிச்சியில், ஒரு கல்யாணப் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தாள். வீட்டில் நடராஜ் மட்டும்தான் இருந்தார்.

டார்லின் கடிதத்தின் நகலை எடுத்து, கடைசிப் பத்தியில் விரலை வைத்து, அவள் பக்கம் திருப்பினாள்.

"ஆகவே, இவரை உடனடியாகத் திருநெல்வேலிக்கு, கூடுமானால் பாளையங்கோட்டைக்கே மாற்றி, மேலதிகாரிகளின் நேரடிக் கண்காணிப்பில் வைக்குமாறு பொதுநலன் கருதி வேண்டுகிறேன்."