சாம்பல் தண்ணீர்

தம்பி சீரங்கன் வாசலில் வந்து நின்றதுமே அவன் வேட்டியில் இருந்த மஞ்சள் கறைதான் கண்ணாயியின் கண்ணில் பட்டது. யுத்த காலத்தில், தன் சேலைக்கான ரேஷன் துணிக் கூப்பனைக் கொடுத்து அவள் வாங்கித் தந்த வேட்டி அது. சும்மா இல்லை. ஆவணியில் அவள் மகள் அம்சவேணியைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் அவன்தான்.

"இதென்னடா கறை?"

"பலாச்சாறுங்க அக்கா."

"பழத்தைத் தின்னியா, மடியில கட்டிட்டுத் தூங்கினியா? அவுத்துக் குடு, சாமி."

அவன் தயங்கினான். அவள் விடவில்லை. துண்டைச் சுற்றிக்கொண்டு வேட்டியைக் கொடுத்தான்.

எண்ணெய் தடவித் தேய்த்துப் பார்த்தாள், கறை அசையவில்லை. சாம்பல் தண்ணீரில் முக்கினாள். கறை குப்பென்று சிவந்தது.

"ஐயோ, ரத்தமாட்ட இருக்குதுங்களே!" என்றான் சீரங்கன்.

கண்ணாயி சிவந்த இடத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"பலாச்சாறு சாம்பல் தண்ணியில செவக்காது, சாமி. மஞ்சள்தான் செவக்கும். உனக்கு நலங்கு வெச்சது எந்த ஊட்டுல?"

அவன் தலை குனிந்தான். "மலைமேல, குண்டனி நாட்டுல ஒரு பொண்ணு ஊட்டுலங்க... நேத்துத் தாலி கட்டிட்டேன். சொல்லத்தான் வந்தேன், வாய் வரலீங்க."

உள்ளேயிருந்து அம்சவேணி கேட்டாள்: "ஆத்தா, மாமன் வேட்டியில கறை போயிடுச்சா?"

ஒரு பகல் வெயிலில் கிடந்தால் மஞ்சள் தானாக வெளுத்துவிடும் என்பது கண்ணாயிக்குத் தெரியும். வேட்டியைப் பிழிந்து, ஈரத்தோடு அவன் கையில் கொடுத்தாள்.

"நெழல்லயே காயப்போட்டுக்க, சாமி."